ஓரிரவு வாடகை

கூக்கால் ஏரிக்கு நாம் வந்து சேர்ந்தபோது
மணி நாலேகால்.
"ஆறுக்கெல்லாம் இருட்டிரும்" என்றார் குழந்தைவேலு.
"பூண்டு வயல மட்டும் மிதிக்காதீக.
மத்தபடி எங்க வேணாலும் அடிச்சுக்கங்க டெண்ட்ட."

எங்கே வேண்டுமானாலும்.
இவ்வளவு கொடுமையான ஒரு சொல்லை
திண்டுக்கல்லில் எந்த வீட்டுத் தரகரும்
நம்மிடம் சொன்னதில்லை.

பதினோரு வருடத்தில் ஆறு வீடு, இருதயராஜ்.
பேகம்பூரில் தண்ணீர் இல்லை.
நாகல் நகரில் எதிரே வெல்டிங் பட்டறை.
ஆர்.எம். காலனியில் மொட்டை மாடிக்குக் கீழே
மே மாதம் முழுக்க வெந்தோம்.
இப்போது இருப்பதில் குறை ஒன்றும் கிடையாது.
நாம் பேசிக்கொள்வதில்லை என்பதைக்
கீழ்வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள்,
அவ்வளவுதான்.

தண்ணீரை ஒட்டி நின்று "இங்கே" என்றாய்.
காலையில் ஜிப்பைத் திறந்தால் ஏரி முகத்தில் அறையும்,
அதற்குத்தானே வந்தோம் என்றாய்.
நான் புல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
கை நனைந்தது, ஓர் அட்டையும் கிடைத்தது.
பனி முதலில் இறங்குவது பள்ளத்தில்தான்.
எடுத்துச் சுண்டிவிட்டு நடந்தேன்.

தைல மரங்களுக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது,
மெத்தை மாதிரி சருகு.
நீ பையை இறக்கிவிட்டாய்.
எனக்கு அண்ணாந்து பார்க்கும் பழக்கம்.
ஒழுகுகிற கூரைகள் கற்றுக்கொடுத்தது.
ஒடிந்த கிளை ஒன்று
விழுவதை ஒத்திப்போட்டு
இரண்டு கிளைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது இடத்தில் இருவருமே சும்மா நின்றோம்.
சமதளம், குட்டைப் புல், ஏரி முழுசாக,
அக்கரையில் சோலையின் கறுப்பு.
இத்தனை நல்ல இடம் காலியாக இருந்தால்
காரணம் இருக்கும்.
தாம்பாளம் அளவுக்குச் சாணம் கிடந்தது.
"காட்டுமாடு போற தடம் அது" என்று சிரித்தார் குழந்தைவேலு.
"அவுகளுக்கு வாடகை கிடையாது."

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் போடலாம் என்றேன்.
பல்பு எரிகிறது, சுவர் இருக்கிறது.
"சுவரைப் பார்க்கவா
வத்தலக்குண்டிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாய்?"
அப்போதுதான் ஆரம்பித்தது.
இடத்தில் ஆரம்பித்து
உன் தங்கை கல்யாணத்துக்குப் போய்
என் வங்கிக் கணக்கைச் சுற்றி
மறுபடி இடத்துக்கே வந்தபோது
எதிரே உன் முகம் தெரியவில்லை.
இருட்டு.

குழந்தைவேலு எப்போதோ கிளம்பியிருந்தார்.
போகும்போது ஏதோ சொன்னார்,
நாம் காதில் வாங்கவில்லை.

சண்டை போட்ட இடத்தில்
புல் நன்றாக மிதிபட்டிருந்தது.
அங்கேயே அடித்தோம் ஆப்புகளை,
செல்போனை நான் வாயில் கவ்விக்கொள்ள,
நீ கல்லால் தட்ட.

சரிவு என்று படுத்த பிறகுதான் தெரிந்தது.
நான் கீழ்ப்பக்கம், நீ மேல்பக்கம்,
நடுவே வழக்கமான ஒரு முழம்.
தூக்கப்பை வழுக்குத் துணி.
பத்தரை மணிக்கு உன் முழங்கை வந்தது.
மன்னிப்புக் கேட்டு, ஏறி, மறுபடி படுத்தாய்.
பன்னிரண்டுக்கு முதுகு வந்தது.
மறுபடி ஏறினாய்.

பிறகு வெளியே புல் பிய்க்கும் சத்தம்.
கனமான மூச்சு ஒன்று
அந்த நல்ல இடத்தைத் தாண்டி
தண்ணீர்ப் பக்கம் போனது.
போகிற வரை நாம் மூச்சு விடவில்லை.
அதற்கப்புறம் நீ மேலே ஏறவில்லை.

காலையில் ஏரியே இல்லை. வெள்ளை.
பாறைக்குப் பின்னால் டீத்தூளைக் கொதிக்கவைத்தேன்.
முந்நூறு ரூபாயை வாங்கி மடித்துக்கொண்டே
"மேட்டுல தலைய வையுங்கன்னு
சொல்லிட்டுத்தான போனேன்" என்றார் குழந்தைவேலு.

கூடாரத்தைத் தூக்கினோம்.
அடியில் நீள்சதுரமாகப் புல்.
மேல் பாதி அநேகமாக நிமிர்ந்தே இருந்தது.
கீழ் ஓரம் மட்டும்
தரையோடு தரையாக.

நீயும் பார்த்தாய்.
ஒன்றும் சொல்லாமல்
கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாய்.
மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.